“உன் இஷ்டம்” என்றேன்

என் மனைவி மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுப்பவள். டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் வடித்து, உரசி, மினுக்கி, பல் செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எப்போது பார்த்தாலும் ஏழெட்டுப் பேர் முகமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். “அவளுக்கு மேல்தாடை கீழ்த்தாடை, மாப்பிள்ளைக்கு மேல்தளம் கீழ்த்தளம்” என்று அவளுடைய அண்ணன் எங்கள் கல்யாணத்தன்றே சொல்லிச் சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக அதையே சொல்லிச் சிரிக்கிறார். மச்சானிடம் வேறு சரக்கு இல்லை.

நான் சொல்ல வந்தது பல்லைப் பற்றியும் இல்லை, லிஃப்டைப் பற்றியும் இல்லை. அவள் ஓடுவாள். அதைப் பற்றி. ஓடுவாள் என்று எழுதுவதே தப்பு. ஓடினாள்.

பிள்ளைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, போதும் என்று நாங்கள் இருவரும் ஓய்ந்த வருடம் அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஒருநாள் காலையில் என்னுடைய பழைய கேன்வாஸ் ஷூவில் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். “சும்மா, தெரு முனை வரைக்கும்” என்றாள். அந்தத் தெரு முனை நாளுக்கு நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் பூங்கா, அப்புறம் ரயில்வே கேட், அப்புறம் தண்ணீர்த் தொட்டி. ஆறு வருடத்தில் அது நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆமாம், நூறு. ஒரே நாளில், ஒரே மூச்சில், நூறு கிலோமீட்டர் ஓடுகிற பந்தயங்கள் உண்டு. அதை ஓட ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் வீட்டில் குழம்பு வைத்துவிட்டு ஓடினாள்.

முப்பத்தைந்தாவது வயதில் தேர்வு ஓட்டத்துக்குப் போனாள். பத்தரை மணி நேரத்துக்குள் முடித்தால் வெளிநாடு போகிற அணியில் இடம். பத்து மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தாள். பதினோரு நிமிடம்! நான் காலையில் குளிக்கிற நேரம் அது.

அவளுக்கு ஒரு கோச் இருந்தார். தபால் ஆபீஸில் வேலை, காலையில் மட்டும் கோச். அவர் வீட்டுக்கு வந்து, மேசையில் சிரித்துக்கொண்டிருந்த செட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “இது உங்க கால் பண்ற தப்பு இல்லம்மா, ஊர் பண்ற தப்பு. எட்டு மாசம் கட்டினதை நாலு மாச வெயில் இடிச்சுடுது. திரும்ப அஸ்திவாரத்துலேர்ந்து கட்டறீங்க. வருஷம் முழுக்க ஓடற மாதிரி ஒரு ஊருக்குப் போயிடுங்க. ரெண்டு வருஷம். பதினோரு நிமிஷம் என்ன, அரை மணி நேரம் குறையும். ஆனா இப்பவே போகணும். நாப்பதுல போய் பிரயோஜனம் இல்லை.”

அவர் சொன்னது நியாயம்தான். அந்த வருடக் கோடையில்தான் அவள் காலை ஏழு மணிக்கே தலை சுற்றி விழுந்து, பால் பூத்துக்காரர் எனக்குப் போன் செய்தார். நான் போனபோது பூத்தின் பின்னால், காலி ட்ரேக்களுக்கு நடுவில், தலையில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். “ஒண்ணும் இல்லைங்க, இருபத்தெட்டு கிலோமீட்டர் முடிஞ்சுது” என்றாள். டாக்டர் அவளைத் திட்டிய திட்டை நான் வாழ்நாளில் யாரையும் திட்டியதில்லை.

ஆக, ஊர் தேடினோம்.

மற்றவர்கள் ஊர் மாற்றும்போது பள்ளிக்கூடம் பார்ப்பார்கள், மார்க்கெட் பார்ப்பார்கள். இவள் ஒரு நீளமான நோட்டை வாங்கிக் கட்டம் போட்டாள். மழை நாள் எத்தனை, வெயில் ஏறுகிற நேரம், நிழல், மண் பாதை, லாரி நடமாட்டம், நாய். நாய்க்குத் தனிக் கட்டம், அதில் “கட்டியது, கட்டாதது” என்று இரண்டு பிரிவு. கடைசிக் கட்டத்தின் தலையில் “அவர்” என்று எழுதியிருந்தது.

“அவர்னா யாரு?” என்றேன்.

“ஊர்ல எத்தனை அவர் இருக்காங்க எனக்கு? நீங்கதான். ஒவ்வொரு ஊருக்கும் பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க. உங்களுக்குப் பிடிக்காத ஊர்ல நான் மட்டும் ஓடிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?”

இந்தக் காலத்தில் எந்தப் பெண்டாட்டி இப்படிக் கட்டம் போட்டுக் கேட்பாள், சொல்லுங்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொரு விதியும் வைத்தாள். எந்த ஊரையும் அதன் மோசமான மாதத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும். “நல்ல மாசத்துல போனா எல்லா ஊரும் நல்ல ஊர்தாங்க” என்பாள். அதனால் கடற்கரை ஊருக்குக் கொளுத்துகிற மாதத்தில் போனோம். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் எட்டு கிலோமீட்டரிலேயே திரும்பி வந்து நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். நான் பத்துக்கு ஆறு போட்டேன், எனக்குக் கடல் பிடிக்கும். அடுத்தது ஒரு மலையூர். அடைமழையில் போனோம். தெருவெல்லாம் செங்குத்து, வளைவுக்கு வளைவு லாரி, கட்டாத நாய்கள் பதினான்கு. நான் குடையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். அங்கே ஏழு போட்டேன். எப்படியும் அவள் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள், தாராளமாகப் போடுவதில் எனக்கென்ன நஷ்டம்?

மூன்றாவது ஊர் மேட்டுநிலத்தில் இருந்தது. மேலே ஏறியபின் கையால் தடவி விட்டது போலச் சமம். நடுவில் ஓர் ஏரி. ஏரியைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் மண் பாதை, இரண்டு பக்கமும் மரம். மோசமான மாதம் என்று போனோம், மதியம் ஒரு மணிக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை உண்டு, ஆனால் அந்த மண் தண்ணீரைக் குடித்துவிட்டு அரை மணியில் கெட்டியாகிவிடுகிற மண். நாய்கள் கூடப் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன.

அங்கே ஒரு மருந்துக்கடைக்காரம்மா தன் வீட்டு மாடியைக் காட்டினார். ஒரு கூடம், இரண்டு அறை. பின்னறையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். என் மனைவி பையிலிருந்து பல் நிற அட்டையை எடுத்து அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல்லுக்கு நிறம் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் சரி, எங்கள் வீட்டில் அதற்காகத் தெருவுக்கு ஓடுவாள். “இங்க மேசையைப் போட்டா...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, சுவரைக் கையால் அளந்தாள். எனக்கும் வேலை இருந்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரும் பம்பும் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரம்மாவே கூட்டிக்கொண்டு போய், “இவர் அந்த ஓட்டக்காரம்மாவோட வீட்டுக்காரர்” என்று அறிமுகம் செய்து வைத்தார்.

அங்கேதான் முள் குத்தியது. இப்போது சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் நகரத்தில் நான் யார் தெரியுமா? பதினொன்றாவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று, உள்ளே ஆறு பேர் மாட்டிக்கொண்டால், நான் வந்து கதவை நெம்பித் திறக்கிற வரைக்கும் எனக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். வெளியே வந்ததும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கம்பெனி டைரக்டர் ஒருவர் கண்ணீரே விட்டிருக்கிறார். அப்படிப்பட்டவனை, மாடிக்கு மேல் மாடி இல்லாத ஒரு ஊரில், ஓட்டக்காரம்மாவின் வீட்டுக்காரர் என்கிறார்கள்.

அவள் ஏரியை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தாள். பதினெட்டு கிலோமீட்டர். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நின்று, “என்னங்க, எனக்கு மூச்சே வாங்கலைங்க!” என்றாள். முழங்கால் வரைக்கும் மண். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த காலத்துக்கு அப்புறம் அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மருந்துக்கடைக்காரம்மா சிரித்தார். “உனக்குப் பிடிச்சிருக்குன்னு உன் மூஞ்சியே சொல்லுது. வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.

“உன் இஷ்டம்” என்றேன்.

நம் பாஷையில் இந்த இரண்டு வார்த்தை செய்கிற வேலையை வேறு எதுவும் செய்யாது. நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டு சொன்னால் தாராளமாகச் செய் என்று அர்த்தம். எங்கேயோ பார்த்துக்கொண்டு, கையில் எதையாவது நோண்டிக்கொண்டு சொன்னால், செய்துதான் பாரேன் என்று அர்த்தம். எழுதிக் காட்டினால் இரண்டும் ஒன்றுதான். நாளைக்கு யாராவது கேட்டால், “நான் என்ன தடுத்தேனா? உன் இஷ்டம்னுதானே சொன்னேன்” என்று சத்தியமே செய்யலாம். என் அப்பா அப்படித்தான் பேசுவார். அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்பாள், அவர் பேப்பரை மடிக்காமலே உன் இஷ்டம் என்பார், அவள் பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் வைத்துவிடுவாள். வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து இது. அர்த்தம் புரியாத பெண் ஒருத்தி கூட இருக்க மாட்டாள்.

இவளுக்கும் புரிந்தது. மருந்துக்கடைக்காரம்மாவிடம், “யோசிச்சுச் சொல்றோம்க்கா” என்றாள். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள்.

ரயிலில் நோட்டை எடுத்தாள். எல்லாக் கட்டத்திலும் நல்ல எண்கள். கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, “பத்துக்கு எத்தனைங்க?” என்று கேட்டாள். “நீயே ஏதாவது போட்டுக்கோ” என்றேன். அப்புறம் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து நோட்டை மூடினாள். “டீ வந்தா எனக்கும் ஒண்ணு வாங்குங்க” என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அப்பாடா, பிரச்சினை இல்லாமல் முடிந்தது என்று நான் ஊர் வந்து சேரும் வரைக்கும் நன்றாகத் தூங்கினேன்.

கோடை வந்தது. வெளியே ஓட முடியாது. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், மாடிப்படி. நான் பராமரிக்கிற கட்டடங்களில் பதினான்கு மாடி உள்ளது ஒன்று இருந்தது. நான் லிஃப்டைச் சர்வீஸ் செய்யும் நாட்களில் காவலாளி அவளையும் உள்ளே விடுவார். நான் மேலே மெஷின் ரூமில் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருப்பேன். கீழே இருந்து அவளுடைய காலடிச் சத்தம் மாடி மாடியாக ஏறி வரும், கதவைத் தொட்டுவிட்டு இறங்கிப் போகும். ஒரு தடவைக்கு இருநூற்று எண்பது படி. ஒரு காலைக்குப் பதினைந்து தடவை.

கோச் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், படி ஏறலாம், இறங்கக் கூடாது என்று. ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்: “இறங்கறதுக்கு லிஃப்ட் வேணுமாங்க. இறங்கினா முட்டி போயிடுமாம்.”

“சரி சரி, பாத்துக்கலாம்” என்றேன்.

நான் வேலை செய்யும்போது லிஃப்ட் நிற்குமே, எப்படி இறங்குவாள் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு. ஒன்றை ஓடவிட்டு மற்றதைப் பார்க்கலாம், சட்டப்படி அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் மதியத்துக்குள் வேலை முடியும். நான் இரண்டையும் சேர்த்துத்தான் நிறுத்துவேன். வாசலில் “லிஃப்ட் பழுது பார்க்கப்படுகிறது” என்று பலகை மாட்டுவேன். அவள் அந்தப் பலகையைப் பார்ப்பாள், படி வழியாக இறங்குவாள். இரண்டாவது தடவை என்னைக் கேட்கவே இல்லை. ஊரில் உள்ள கிழவன் கிழவியை எல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்கியவன், கட்டின பெண்டாட்டியை மட்டும் இரண்டு கோடைக்கும் படியில் இறக்கினேன்.

அடுத்த தேர்வு ஓட்டத்தில் பத்து மணி முப்பத்துநான்கு. நான்கு நிமிடம்தான் பாக்கி. கோச் மார்பில் அடித்துக்கொள்ளாத குறை. “அந்த ஊர் கிடைச்சிருந்தா...” என்று ஆரம்பித்தார். அவள், “விடுங்க சார்” என்றாள். அதற்கடுத்த வருடம் அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒன்று இருக்குமாம், அது தேய்ந்துவிட்டது. “ஏறினதால இல்லம்மா, இறங்கினதால. யார் உங்களை இறங்கச் சொன்னது?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லலை டாக்டர். பழக்கமாயிடுச்சு” என்றாள்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் இருந்தது, நாக்கு இருந்தது. டாக்டரின் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தில் எத்தனை விலா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்தது. ஷூவைக் கழுவி, காயவைத்து, கோச்சிடம் ஓட வருகிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பல் வேலையை அதிகமாக எடுத்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொந்தக்காரர்கள் வந்து, ஏன் அந்த ஊருக்குப் போகவில்லை என்று கேட்கும்போதெல்லாம், “நான் தடுக்கவே இல்லையே, அவ இஷ்டம்னுதானே விட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மச்சானிடமும் சொன்னேன். வழக்கமாகப் பல்லைக் காட்டுகிற மனிதர், அன்று சிரிக்கவில்லை.

“ஆமா மாப்ளே, நீங்க எங்க தடுத்தீங்க? கதவைத் திறந்து வச்சுட்டு, குறுக்கால கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிட்டீங்க, அவ்ளோதான்” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

போன மாதம் அந்த ஏரி ஊர் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் கட்டி லிஃப்ட் வைத்தார்கள். கம்பெனி என்னைத்தான் அனுப்பியது. நீயும் வருகிறாயா என்று அவளைக் கேட்டேன். “அச்சு நிறைய வந்து கிடக்குது, நீங்க போயிட்டு வாங்க” என்றாள். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஊரைச் சொன்னதும், “அட, அந்த ஓட்டக்காரம்மா! எப்படி இருக்காங்க? இன்னும் ஓடறாங்களா?” என்று கேட்டார். ஒரே ஒரு மதியம் பார்த்தவர், பதினோரு வருடம் கழித்துக் கேட்கிறார். மாடியை மறுபடி பார்க்கிறீர்களா என்றார். வேண்டாம் என்றேன்.

வேலை முடிந்த நாள் ஏரியைச் சுற்றி நடந்தேன். ஒன்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்தி தலை நரைத்தவள், ஐம்பது இருக்கும். பாதி வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயது ஆண்பிள்ளை தனியாக உட்கார்ந்து அழுவதைப் பார்த்துப் படகுக்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், காரணம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் மேசையில் ஒரு மேல்தாடைப் பல் செட்டை வைத்து மோட்டாரால் உரசிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

“ஏரியைச் சுத்தி நடந்தேன்” என்றேன்.

“ம்.”

“அன்னிக்கு எனக்கு இஷ்டமே இல்லை. அங்க போனா நான் ஒண்ணும் இல்லாம ஆயிடுவேன்னு பயம். அதான் அப்படிச் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்மா.”

மோட்டாரை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“தெரியும்ங்க. உங்க குரலைக் கேட்டே தெரியாதா எனக்கு?”

“தெரிஞ்சு ஏன் சும்மா இருந்தே? என் சட்டையைப் பிடிச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“எதை வச்சுக் கேக்கறது?” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “வேண்டாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நாலு நாள் பேசாம இருந்திருப்பேன். அழுதிருப்பேன். அண்ணனைக் கூப்பிட்டு நடுவுல உக்கார வச்சிருப்பேன். எப்படியும் ஜெயிச்சிருப்பேன். நீங்கதான் என் இஷ்டம்னுட்டீங்களே. அதுக்கப்புறம் யாரோட போய் சண்டை போடறது?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோட்டாரைப் போட்டாள். தூள் மேசையெல்லாம் பறந்தது.

அவள் ஜெயித்திருப்பாள். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வேண்டாம் என்று வாயைத் திறந்தால் தோற்றுவிடுவேன் என்று நன்றாகத் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன், இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.